தாய்வீடு தள்ளாது, ஆனால் கேட்கும்: அசாந்தே சமூகத்தில் பிள்ளை இல்லாத பெண்

"பெண்வழியில் வம்சம் போகிற ஆப்பிரிக்கச் சமூகங்களில் பிள்ளை பெறாத பெண்ணை யாரும் குறைவாக நினைப்பதில்லை, அங்கே பெண்ணுக்குத்தான் அதிகாரம் என்று படித்தேன். உண்மையா?" என்பது கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பெண்களுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆப்பிரிக்கா முழுவதற்கும் பொதுவாக ஒன்றைச் சொல்ல முடியாது. நான் ஓரளவு ஆழமாகப் படித்தது கானா நாட்டின் அசாந்தே மக்களைப் பற்றி. அக்கான் என்ற பெரிய இனக்கூட்டத்தில் ஒரு பிரிவினர் அவர்கள். கானா மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அக்கான்கள். அசாந்தேக்களின் தலைநகர் குமாசி. ஆகவே இங்கே நான் சொல்வதெல்லாம் அவர்களைப் பற்றியது, அதிலும் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதிவரை இருந்த பழைய நடைமுறையைப் பற்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தாய்வழிச் சமூகம் என்றால் பெண்கள் ஆளும் சமூகம் என்று அர்த்தமில்லை. மருமக்கள்தாயம் என்ற சொல் நமக்குத் தெரியும். சொத்தும் பதவியும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாமல் தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகிற முறை. அசாந்தே முறையும் அதுதான். தாய்மாமனுக்கு அவர்கள் மொழியில் 'வோஃபா' என்று பெயர். வோஃபாவின் நிலம், வீடு, அவர் தலைவராக இருந்தால் அந்தப் பதவி, எல்லாம் அவருடைய தம்பிகளுக்கு, பிறகு சகோதரி மகன்களுக்கு. சொந்த மகனுக்கு இல்லை. அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ஆனால் அந்த ஆண்கள் யார் என்பதைத் தீர்மானிப்பது பெண்ணின் வயிறு. "அரசனைப் பெற்றவள் பெண்தான்" என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு.

இதற்கு அடிப்படை உடலைப் பற்றிய ஒரு நம்பிக்கை. பிள்ளைக்கு ரத்தம் தாயிடமிருந்து மட்டும்தான் வருகிறது; தந்தை கொடுப்பது ஆவியை, குணத்தை, 'ந்தோரோ' என்று அவர்கள் சொல்லும் ஒன்றை. எட்டாம் நாள் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை தந்தைக்கு உண்டு. ஆனால் ரத்தம்தான் குலத்தை முடிவு செய்கிறது. ஒரே தாய்வழி ரத்தத்தில் வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து 'அபுசுவா'. இந்த அபுசுவாதான் எல்லாமும். நிலம் அதனுடையது, இடுகாடு அதனுடையது, கடன் வந்தாலும் பழி வந்தாலும் அதற்குத்தான். "குடும்பம் காடு மாதிரி, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றாக அடர்ந்து தெரியும், பக்கத்தில் போனால் ஒவ்வொரு மரமும் தனித்தனியாக நிற்பது தெரியும்" என்பது அபுசுவாவைப் பற்றி அவர்கள் சொல்வது.

சரி, இந்த அமைப்புக்குள் பிள்ளை இல்லாத ஒரு பெண்ணை நிறுத்திப் பார்ப்போம்.

அவளுக்கு எது போகவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கேள்வி கேட்டவர் படித்த பாதி உண்மை அங்கேதான் இருக்கிறது. அவள் கல்யாணம் ஆனதால் கணவனுடைய குலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடவில்லை. பிறந்த அபுசுவாவில்தான் சாகும்வரை இருக்கிறாள். அவளுடைய விளைநிலம் அம்மா வீட்டு நிலம். கணவன் அவளை விலக்கி வைத்தால் அவள் நடுத்தெருவுக்கு வரமாட்டாள். அவள் அறை அங்கேயே இருக்கும். பல ஊர்களில் கல்யாணம் ஆன பிறகும் பெண் தன் தாய்வீட்டிலேயேதான் வசித்தாள், கணவன் அவனுடைய தாய்வீட்டில் வசித்தான். 1940களின் நடுவில் அசாந்தே ஊர்களில் ஆய்வு செய்த மானுடவியலாளர் மேயர் ஃபோர்ட்டெஸ் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். பொழுது சாயும் நேரம் தெருவில் சின்னப் பிள்ளைகள் தலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். அம்மா அவள் வீட்டில் சமைத்ததை அப்பாவின் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இரவானால் மனைவி கணவன் வீட்டுக்குப் போவாள், விடிந்ததும் திரும்பிவிடுவாள்.

இந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பிள்ளை இல்லாதவள் அந்தப் பாத்திரத்தை யார் தலையில் வைத்து அனுப்புவாள்? அக்காவின் பிள்ளை அல்லது தங்கையின் பிள்ளை தலையில்தான். இது கடன் வாங்கிய பிள்ளை என்று அந்த மொழியில் சொல்லவே முடியாது. அம்மாவின் சகோதரியும் அம்மாதான், அதே சொல்தான். அவளும் சகோதரி பிள்ளையை 'என் பிள்ளை' என்றுதான் சொல்வாள். ஒரு பெண்ணுக்கு அவளுடைய சகோதரியின் பிள்ளையைக் குறிக்கத் தனியாக ஒரு உறவுப்பெயர் கிடையாது. ஒரே ரத்தம், ஒரே அபுசுவா, ஒரே வீடு. சகோதரி பிள்ளைகளில் ஒன்றைச் சின்ன வயதிலேயே தன்னோடு வைத்து வளர்ப்பதும் சாதாரணம். அந்தப் பிள்ளை வளர்ந்து அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரும், விறகு பொறுக்கும், வயதான காலத்தில் பக்கத்தில் இருக்கும். அவள் செத்தால் அபுசுவா முழுவதும் கூடி அடக்கம் செய்யும். தந்தைவழிச் சமூகத்தில் புகுந்த வீட்டில் பிள்ளை இல்லாமல் நிற்கும் ஒரு பெண்ணோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய பாதுகாப்பு. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

இனி மற்றப் பாதி.

ரத்தம் பெண்வழியில் மட்டுமே போகிறது என்றால் அபுசுவா உயிரோடு இருக்க ஒரே வழி அதன் பெண்கள் பெறுவது. ஆண்கள் எத்தனை பிள்ளை பெற்றாலும் அவை மனைவியின் அபுசுவாவுக்குத்தான் போகும். ஒரு தாய்க்கு ஐந்து மகன்கள் பிறந்து ஒரு மகள்கூடப் பிறக்காவிட்டால் அவள் கிளை அந்தத் தலைமுறையோடு முடிந்தது. ஒரு தாய் வயிற்றுக் கிளைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'வயிறு' என்பதுதான். "உன் தாய் செத்தால் உன் குடும்பம் தீர்ந்தது" என்று இன்னொரு பழமொழி. ஆக, தந்தைவழிச் சமூகத்தில் ஒரு பெண் பிள்ளை பெறவில்லை என்றால் கணவன் வீட்டார் அவளிடம் குறை சொல்வார்கள். இங்கே அவளைப் பெற்ற தாயின் வீடே அவளைப் பார்த்து ஏங்குகிறது. மாமியார் கேட்பதற்குப் பதிலாக அம்மா கேட்கிறாள். அதுவும் ஒரே மகளாக இருந்துவிட்டால், அம்மா கேட்காமலேயே இருந்தாலும் அந்த மௌனம் போதும்.

செத்தவர்களும் காத்திருக்கிறார்கள். இறந்துபோன அபுசுவாக்காரர்கள் 'அசமாண்டோ' என்ற ஆவிகளின் நாட்டில் இருக்கிறார்கள், அவர்கள் திரும்பப் பிறந்து வருவது அதே ரத்தத்துப் பெண்களின் வயிற்றில்தான் என்பது பழைய நம்பிக்கை. பெறாத பெண் என்றால் பாட்டனும் பாட்டியும் திரும்பி வரும் வாசல்களில் ஒன்று அடைத்திருக்கிறது என்று பொருள். அவளைத் துரத்தாமல் தாங்குகிற அதே ரத்த உறவுதான் அவளிடம் தீராத ஒரு கடனையும் வைக்கிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நான் சொல்ல வருவதன் மையம் இதுதான்.

இந்தக் கடன் எந்த வயதில் தொடங்குகிறது என்று பார்த்தால் மனம் கனக்கும். பெண் பூப்பெய்தியதும் 'பிராகோரோ' என்ற சடங்கு நடக்கும். தாய் முதலில் மூதாட்டிகளிடம் சொல்வாள். பெண்ணை வெளியில் எல்லோரும் பார்க்க ஆசனத்தில் உட்கார வைப்பார்கள், பெண்கள் பாடுவார்கள், பரிசு வரும், ஆற்றில் நீராட்டுவார்கள். அப்புறம் வாயில் உணவைத் தொட்டு வைக்கும் சடங்கு. அதில் யானைத் தோல் துண்டு ஒன்று உண்டு. அதை உதட்டில் தொட்டு, "யானை தன் கருப்பையை உனக்குத் தரட்டும், நீ பத்துப் பிள்ளை பெற வேண்டும்" என்று வாழ்த்துவார்கள். அவித்த முட்டையும் உண்டு. அதைப் பல் படாமல் விழுங்க வேண்டும். கடித்துவிட்டால் பிறக்கப்போகும் தன் பிள்ளைகளையே கடித்துத் தின்றதாகிவிடும்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, சுற்றிலும் ஊர்ப்பெண்கள் நிற்க, பல்லில் படாமல் முட்டையை விழுங்கப் பார்க்கிறாள். கொஞ்சம் பல்லில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாமல் விழுங்கிவிடுகிறாள். பத்து வருஷம் கழித்தும் பிள்ளை வரவில்லை. இரவில் அவளுக்கு என்ன நினைவு வரும்? இது என் கற்பனைதான். ஆனால் ஒரு சடங்கு இவ்வளவு துல்லியமாக ஒரு பெண்ணின் வாய்க்கும் கருப்பைக்கும் முடிச்சுப் போட்டால், அந்த முடிச்சு அவளை விடாது என்றே நினைக்கிறேன்.

அசாந்தேக்களின் கலைப்பொருள்களில் உலகம் முழுவதும் தெரிந்த ஒன்று பிறந்ததும் இந்த வலியிலிருந்துதான். அக்குவாபா பொம்மையைச் சொல்கிறேன். என் அலமாரியில் ஒன்று இருக்கிறது. நீளம் ஒரு சாணுக்கு மேல் இல்லை. தட்டு போல வட்டமான, தட்டையான பெரிய தலை. முகம் முழுவதும் அதன் கீழ்ப்பாதியிலேயே அடங்கிவிடுகிறது. மேலே எல்லாம் நெற்றி. கழுத்தில் வளையம் வளையமாக மடிப்புகள். கை இரண்டும் பக்கவாட்டில் நீட்டிய சிறு குச்சிகள். கீழே கால் கிடையாது, உருளை போன்ற உடம்பு, அடியில் ஒரு வட்டம். சின்ன முலைகள் செதுக்கியிருக்கும். பெரும்பாலும் எல்லா அக்குவாபாவும் பெண் உருவம்தான், காரணம் இதற்குள் உங்களுக்கே புரிந்திருக்கும். வேண்டப்பட்டது மகள்.

கதை இப்படி. அக்குவா என்றொரு பெண். அது புதன்கிழமை பிறந்த பெண்களுக்கு வைக்கும் பெயர். அவளுக்குப் பிள்ளை இல்லை. பூசாரியிடம் போனாள். மரத்தில் ஒரு சின்னப் பிள்ளை செதுக்கிக்கொள், அதை உயிருள்ள பிள்ளையைப் போலவே பார்த்துக்கொள் என்றார். அவளும் முதுகில் துணியால் கட்டிக்கொண்டு போனாள், அலங்கரித்தாள், படுக்க வைத்தாள். ஊர் சிரித்தது. "அதோ பாருங்கள், அக்குவாவின் பிள்ளை" என்று கேலி செய்தார்கள். அக்குவாபா என்ற சொல்லுக்கு அர்த்தமே அதுதான், அக்குவாவின் பிள்ளை. பிறகு அவள் கருவுற்று ஒரு மகளைப் பெற்றாள். கேலி செய்தவர்களில் பிள்ளை இல்லாதவர்களும் தங்களுக்கு ஒன்று செதுக்கச் சொல்லி வந்தார்கள்.

இந்தக் கதையில் என்னைத் தொடுவது கடைசிப் பகுதியைவிட நடுப்பகுதிதான். அவள் பொம்மையை வீட்டுக்குள் ஒளித்து வைக்கவில்லை. அரையில் துணியைச் சுற்றி, முதுகில் கட்டி, தலை மட்டும் வெளியே தெரிய, தண்ணீர் எடுக்கப் போகிற பாதையில் நடந்தாள். எல்லாப் பெண்களும் பிள்ளையைச் சுமக்கிற அதே விதத்தில். தனக்கு என்ன இல்லையோ அதை ஊர் பார்க்கும்படி முதுகில் சுமந்தாள். அந்தத் தைரியம் யாருக்கு வரும்! பின்னாளில் பிள்ளை வேண்டிச் சுமந்தவர்களோடு, கருவுற்ற பெண்களும் அழகான பிள்ளை பிறக்க வேண்டும் என்று அக்குவாபா வைத்துக்கொண்டார்கள். அந்த உயர்ந்த நெற்றியும் மடிப்பு விழுந்த கழுத்தும் அவர்களுடைய அழகின் இலக்கணம். பிள்ளை பிறந்த பிறகு பொம்மை சில சமயம் பூசாரியின் கோயிலுக்கே காணிக்கையாகத் திரும்பிப் போகும். அப்படிக் குவிந்த பொம்மைகள் அந்தத் தெய்வத்தின் சக்திக்குச் சாட்சி. இல்லாவிட்டால் பிறந்த மகளுக்கே விளையாடக் கொடுப்பதும் உண்டு. பிள்ளை வராதவர்களின் பொம்மைகள் என்ன ஆயின என்று எந்தக் கதையும் சொல்வதில்லை. குமாசியிலிருந்து மாம்பொங் போகும் வழியில் அஹுவியா என்ற ஊரில் இன்றும் செதுக்குகிறார்கள். வாங்குவது இப்போது பெரும்பாலும் சுற்றுலாக்காரர்கள்.

பிள்ளை பெறாதவளுக்கு அவர்கள் மொழியில் 'ஒபோனின்' என்று பெயர். மலடி என்று தமிழில் எழுதினால் அதே முள் அதிலும் இருக்கும், அதனால் நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தப் போவதில்லை. ஃபோர்ட்டெஸ் எழுதியது, அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள், ஆனால் அந்த இரக்கத்தில் இளக்காரமும் கலந்திருந்தது என்று. மறுபக்கத்தில் நிறையப் பெற்றவளுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். பத்தாவது பிள்ளை பிறந்தால் கணவன் அவளுக்கு ஒரு ஆடு கொடுத்துக் கௌரவிப்பான், ஊரறிய வாழ்த்து நடக்கும். ஒரு ஊரில் ஒருத்திக்கு அந்த வாழ்த்து நடக்கும்போது பிள்ளை இல்லாத இன்னொருத்தி அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பாள்.

சாவிலும் விடவில்லை. 1920களில் அசாந்தே வழக்கங்களைப் பதிவு செய்த பிரிட்டிஷ் அரசு அதிகாரி ராட்ரே, பழைய காலத்தில் பிள்ளை இல்லாமல் இறந்தவர்களின் உள்ளங்காலில் பெரிய முட்களைக் குத்தி, "பிள்ளை பெறாமல் போகிறாய், இனி இப்படி வராதே" என்று சொல்லி அடக்கம் செய்ததை எழுதியிருக்கிறார். ஆணுக்கும் இது உண்டு. நான் முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அவர்கள் கணக்கில் அது அவளைத் திரும்ப வரவே கூடாது என்று விரட்டுவது ஆகாது. மறுபடி வா, ஆனால் இந்தக் குறையோடு வராதே என்பதுதான். மறுபிறவியை நம்புகிறவர்களின் சொல் அது. ஆனாலும் முள் முள்தான். வாழ்நாள் முழுவதும் 'என் பிள்ளை' என்று சகோதரி பிள்ளைகளைக் கூப்பிட்டு வளர்த்தவளிடம், கடைசி நாளில் அபுசுவா சொன்னது, அதெல்லாம் கணக்கில் சேரவில்லை என்று. மொழி அவளை அம்மா என்றது, சடங்கு இல்லை என்றது.

பிள்ளை ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அந்தச் சமூகம் எங்கே விடை தேடியது என்பதும் தாய்வழி முறையோடு பின்னிக் கிடக்கிறது. சூனியத்தின் பெயர் 'பாயி'. அக்கான் நம்பிக்கையில் சூனியக்காரியின் சக்தி அவளுடைய சொந்த அபுசுவாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். வெளியாள் மீது பாயாது. இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். உன் வயிற்றைக் கட்டியது யார் என்று தேடினால் விரல் நீள்வது உன் அம்மாவை நோக்கி, பெரியம்மாவை நோக்கி, கூடப் பிறந்தவளை நோக்கி. எந்த வீடு அவளைத் தள்ளாமல் வைத்திருக்கிறதோ அதே வீட்டில்தான் அவளுடைய சத்துருவும் இருக்க வேண்டும். அதைவிடக் கொடுமை, அவளே தன் கருப்பையைச் சூனியக் கூட்டத்துக்குத் தின்னக் கொடுத்துவிட்டாள் என்ற பேச்சு. மார்கரெட் ஃபீல்ட் என்ற மனநல மருத்துவர் 1950களில் அசாந்தே கிராமக் கோயில்களுக்கு வந்தவர்களைக் கவனித்து எழுதியிருக்கிறார். அங்கே பெண்கள் தாங்களாகவே வந்து, நான்தான் சூனியக்காரி, என் பிள்ளைகளைக் கொன்றது நான்தான், என் வயிற்றைக் கெடுத்துக்கொண்டது நான்தான் என்று ஒப்புக்கொள்வார்களாம். கடுமையான மனச்சோர்வில் இருந்த பெண்கள் என்று அவர் கண்டார். யாரும் குற்றம் சாட்டும்முன் தானே தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்ளும் அளவுக்கு அந்தக் கடன் உள்ளே இறங்கியிருந்தது.

கணவன் பக்கம் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இங்கே ஒரு வித்தியாசமான சுதந்திரம் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிள்ளை யாருக்குப் பிறந்தாலும் அது தாயின் அபுசுவாவுக்குத்தான் சொந்தம். ஆகவே குறை கணவனிடம் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், அவனை விட்டு இன்னொருவனைக் கட்டிக்கொள் என்று பெண்ணின் வீட்டாரே சொல்வார்கள். விவாகரத்து எளிது. பிள்ளை இல்லாத ஆணின் நிலையும் கேவலம்தான். எவ்வளவு பணம் இருந்தாலும் அவனிடம் ஏதோ பெரிய குறை இருப்பதாகவே கருதினார்கள். பெயர் வைக்க ஒரு பிள்ளை இல்லை, தந்தைக்குச் சவப்பெட்டி வாங்குவது பிள்ளைகளின் கடமை என்பதால் அதற்கும் ஆள் இல்லை. ஆனால் அவனுக்கு வாரிசு இல்லாமல் போகாது, சகோதரி மகன் இருக்கிறான். அவனுடைய குலம் அவனால் அழிவதில்லை. பெண்ணுக்கு அந்த ஆறுதல் இல்லை. மொசாம்பிக் நாட்டின் வடபகுதியில் வாழும் மக்குவா என்ற தாய்வழி மக்களிடமும் இதே இரட்டை நிலையை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். பிள்ளை இல்லாதவளுக்கு உறவினர் ஆதரவு உண்டு, வேறு கணவன் தேடும் வழி உண்டு, ஆனால் சில சடங்குகளில் அவளைச் சேர்ப்பதில்லை.

கடனை வேறொரு வயிற்றால் அடைக்கும் வழியும் ஒன்று இருந்தது. அதைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. வடக்கிலிருந்து பிடித்து வரப்பட்டோ விலைக்கு வாங்கப்பட்டோ வந்த அடிமைப் பெண்களைப் பெண்கள் குறைந்துபோன அபுசுவாக்கள் தங்களோடு சேர்த்துக்கொண்டன. அவளுக்கென்று அங்கே தாய்வீடு கிடையாது. அதனால் அவள் பிள்ளைகள் வாங்கிய குடும்பத்தின் கணக்கில் சேர்ந்தன. இரண்டு மூன்று தலைமுறையில் அவர்கள் அந்தக் குலத்தவராகவே ஆனார்கள். ஒருவருடைய பூர்வீகத்தை இன்னொருவர் வெளியில் சொல்லக்கூடாது என்பது அசாந்தே நாட்டின் மிக முக்கியமான சட்டங்களில் ஒன்று. அரசை நிறுவிய காலத்துப் பெரும் பூசாரி ஒகொம்ஃபோ அனோச்சே பெயரில் அதைச் சொல்வார்கள். அந்தச் சட்டம் வந்தவர்களைக் காப்பாற்றியது என்பது உண்மை. அதே சமயம், ஒரு குலம் அழியாமல் இருக்க எந்தப் பெண்ணின் வயிறு வாங்கப்பட்டது என்பதையும் அது மறைத்தது. எனக்கு இதில் இரண்டு பெண்களும் தெரிகிறார்கள். ஒருத்தி வீடு இருந்தும் பிள்ளை இல்லாதவள், இன்னொருத்தி பிள்ளை இருந்தும் வீடு இல்லாதவள்.

சரி, பெண்மை என்பதே அங்கே பிள்ளைப்பேறு மட்டும்தானா? அப்படிச் சொல்வதும் தவறு. ஒவ்வொரு அபுசுவாவிலும் 'ஒபாபனின்' என்று ஒரு மூத்த பெண் உண்டு. கல்யாணம், பூப்புச் சடங்கு, சண்டை, சாவு எல்லாவற்றிலும் அவள் வார்த்தைக்கு எடை. ஊருக்கும் நாட்டுக்கும் 'ஒஹெமா' உண்டு. ராணித்தாய் என்று மொழிபெயர்ப்பார்கள். அரசனைப் பெற்ற தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சகோதரியாக, சிற்றன்னையாக, வேறு ரத்த உறவாகவும் இருக்கலாம். காலியான அரியணைக்கு யார் என்று பெயர் சொல்வது அவள்தான். இந்தப் பெண்களின் இடம் எவ்வளவு பெரியது என்று ராட்ரே வியந்து, இத்தனை காலம் எங்களுக்கு இது ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்டபோது, வெள்ளைக்காரர்கள் கேட்கவே இல்லை, ஆண்களிடம் மட்டும்தான் பேசினீர்கள் என்று பெரியவர்கள் பதில் சொன்னார்களாம். வழக்கு விசாரிக்கும் பெரியவர்கள் தீர்ப்புக்கு முன் எழுந்து தனியே போவார்கள். "கிழவியைக் கேட்டுவிட்டு வருகிறோம்" என்பது அதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. 1900இல் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரைத் தொடங்கிய எஜிசுவின் ஒஹெமா யா அசாந்தேவாவுக்கு அப்போது அறுபது வயதளவில் இருக்கும். சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு 1921இல் அங்கேயே இறந்தார்.

இதில் வயது முக்கியம். மாதவிலக்கு உள்ள பெண் மூதாதையரின் புனித ஆசனங்கள் இருக்கும் அறைக்குப் போகக் கூடாது. அது நின்ற பிறகு அந்தத் தடை விலகுகிறது. பெண் கிழவி ஆகும்போது அவளுடைய அதிகாரம் வளர்கிறது. பிள்ளை இல்லாதவளுக்கும் அந்த வயது வரும். குலத்தின் கதைகளை நினைவில் வைத்திருப்பவளாக, எந்த நிலம் யாருடையது என்று சொல்லத் தெரிந்தவளாக, தங்கை பிள்ளைகளை ஆளாக்கியவளாக அவள் மதிப்பு உயரலாம். பெற வேண்டிய வயது போனதும் கேட்பவர்களும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதே வயதில்தான் சூனியப் பேச்சும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும், அதுவும் பிள்ளைகள் அரணாக இல்லாதவள் மீது. இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சூனியக்காரி என்று பழிக்கப்பட்ட பெண்கள் ஒதுங்கி வாழும், கானாவின் சூனியக்காரிகள் முகாம் என்று செய்திகளில் வரும் கம்பாகா போன்றவை வடகானாவில் இருக்கின்றன, அங்கே உள்ளவர்கள் தந்தைவழி மக்கள். கணவன் இறந்தபின் அவன் வீட்டில் ஆதரவில்லாமல் நிற்கும் முதிய பெண்கள் பலர் அங்கே போய்ச் சேர்கிறார்கள். அசாந்தே பெண்ணுக்குத் திரும்பிப் போகத் தாய்வீடு இருந்தது என்பதன் அருமை இதைப் பார்க்கும்போது புரியும்.

இதெல்லாம் எப்படி மாறியது? கொக்கோ, தேவாலயம், நகரம், சட்டம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாந்தே காடுகளில் கொக்கோ பரவியது. கணவனின் தோட்டத்தில் மனைவியும் வருஷக்கணக்கில் களை பறித்தாள், காய் உடைத்தாள், சுமந்தாள். அவன் இறந்ததும் தோட்டம் அவன் சகோதரி மகனுக்குப் போயிற்று. பிள்ளைகள் இருந்தால் அப்பா உயிரோடு இருக்கும்போதே ஒரு பகுதியை அவர்கள் பெயருக்குக் கொடுத்துவிட்டுப் போவதாவது நடக்கும். பிள்ளை இல்லாத மனைவிக்கு அதற்கும் வழியில்லை. முப்பது வருஷ உழைப்பை விட்டுவிட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்பினாள்.

ராலிங்ஸ் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சியில் 1985இல் வந்த வாரிசுரிமைச் சட்டம், 111ஆம் எண் சட்டம், இதை மாற்றியது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் வீட்டுப் பொருள்களும் குடியிருந்த வீடும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். பிள்ளை இல்லாவிட்டால் மீதிச் சொத்தில் பாதி மனைவிக்கு. கால் பங்கு இறந்தவரின் பெற்றோருக்கு, கால் பங்கு மட்டும் மரபுப்படி. பிள்ளை பெறாத மனைவியை ஒரு முழு ஆளாக எண்ணி அவளுக்கு நேரடியாகப் பங்கு கொடுத்த அந்தப் பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன். நடைமுறையில் கணவனின் உறவினர் சாவியைப் பிடுங்கிக்கொள்ளும் கதைகள் இன்னும் உண்டு என்றாலும், அவள் நீதிமன்றப் படி ஏற ஒரு காரணம் இருக்கிறது.

மருத்துவமும் வந்தது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் குழந்தையின்மைக்குப் பெரிய காரணம் கருக்குழாய் அடைப்பு. பெரும்பாலும் சிகிச்சை பெறாத பால்வினைத் தொற்றோ, பிரசவத்துக்கும் கருச்சிதைவுக்கும் பின் வரும் தொற்றோதான் அதற்குக் காரணம். எத்தனை தலைமுறைப் பெண்கள் சூனியம் என்று அழுதது ஒரு கிருமிக்காக! சோதனைக்குழாய்ச் சிகிச்சை கானாவில் 1990களிலேயே வந்துவிட்டது, ஆனால் அதன் செலவு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. அதனால் பழைய பூசாரியின் இடத்தில் இப்போது பெந்தெகொஸ்தே சபைகள். விடிய விடிய ஜெபம், உபவாசம், கர்ப்பத்தின் கனிக்காகத் தனிக்கூட்டம்.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கணவனும் மனைவியும் இப்போது நகரத்தில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை வோஃபாவுக்குப் பதில் அப்பா கட்டுகிறார். சொத்து மனைவி மக்களுக்கு என்று சட்டமும் சொல்கிறது. எல்லாம் நியாயம்தான். அதோடு சேர்ந்து, அக்காவின் பிள்ளை மெல்ல மெல்ல அக்காவின் பிள்ளை மட்டுமாக ஆகிவருகிறது. வாரம் முழுவதும் பள்ளி, மாலையில் டியூஷன், விடுமுறையில் ஒருநாள் சின்னம்மா வீட்டுக்கு வந்து போகும். சமைத்த சாப்பாடு தெருவைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லை. பொழுது சாயும்போது தலையில் பாத்திரத்தோடு ஓடும் பிள்ளைகளைப் பழைய பெரிய ஊர்களில் எங்காவதுதான் பார்க்க முடியும். பிள்ளை இல்லாத பெண் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அடியே, இங்கே வா, இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா" என்று உரிமையோடு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அந்த நேரமும் அதோடு போய்க்கொண்டிருக்கிறது.